காலை இரத்தமும் மனச்சோர்வும்

பாம்பன் இறங்குதளத்தில் மீன் ஏலம் எடுத்து ஐஸ் பெட்டிகளில் அனுப்பும் தொழில் என்னுடையது. நாற்பது வயதைக் கடந்த பிறகு, மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாத ஒரு நிலை என்னைப் பற்றிக்கொண்டது. தாம்பத்திய நாட்டம் போயிற்று. கண்ணெதிரே நல்ல வஞ்சிரம் கிடந்தாலும், விலையைக் கூட்டிக் கேட்க வாய் எழாமல் நின்றேன்.

ஒரு பரிசோதனைக் கூடத்தில் மாலையில் இரத்தம் எடுத்து, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று அறிக்கை கொடுத்து, ஊசி போட்டுக்கொள்ளவும் அவர்களே சொன்னார்கள். வீட்டாருக்கு அதில் ஒரு நிம்மதி இருந்ததை நான் கவனித்தேன். மனநோய் என்றாலே ஏர்வாடி நினைவுக்கு வரும் கரை இது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் தீயில் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே ஹார்மோன் என்று சொல்வது எல்லோருக்கும் எளிதாக இருந்தது.

மதுரையில் நான் பார்த்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. இந்த ஹார்மோன் காலையில் கூடி மாலையில் இறங்குவதால், இரவு நன்றாகத் தூங்கி எழுந்து, 10 மணிக்குள் வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை பார்த்த பிறகே குறைபாடு என்று சொல்ல முடியும் என்றார். விடியுமுன்னே ஏலத்துக்கு எழுகிறவனுக்கு அந்தத் தூக்கம் ஏது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அது வாய்த்தது. இரண்டு முறையும் அளவு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழேதான் இருந்தது. டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கத் தூண்டும் எல்எச் என்ற பிட்யூட்டரி ஹார்மோன் உயரவில்லை, அதே சுரப்பியின் இன்னொரு ஹார்மோனான ப்ரோலாக்டின் சரியாக இருந்தது. சர்க்கரையும் எடையும் மிகுந்திருந்தன.

அவர் விளக்கியதில் என் மனதில் பதிந்தது இதுதான்: களைப்பு, தூக்கக்கேடு, நாட்டமின்மை ஆகியவை ஹார்மோன் குறைபாடு, மனச்சோர்வு என்ற இரண்டு நோய்க்கும் பொது, ஹார்மோன் குறைந்தால் மனம் தளரலாம், மனச்சோர்வும் உடல் பருமனும் சேர்ந்து ஹார்மோனைக் குறைக்கவும் கூடும், ஆகையால் ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடாமல் விடக் கூடாது. அவரே என்னை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். நாங்கள் இன்னொரு குழந்தையை விரும்பியதால் ஊசியை அவர் தவிர்த்தார், ஏனெனில் வெளியிலிருந்து செலுத்தும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும். இதை அந்தக் கூடத்தில் ஒருவரும் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய பின் தூக்கமும் பேச்சும் முதலில் திரும்பின, நாட்டம் திரும்பவில்லை. சில மாத்திரைகளே நாட்டத்தைக் குறைக்கும் என்பதால், கூச்சத்தை விட்டு அதைச் சொன்னேன். மருத்துவர் மருந்தை மாற்றினார். சர்க்கரை கட்டுக்குள் வந்து எடையும் இறங்கிய பிறகு எடுத்த காலைப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் 300-ஐத் தாண்டியிருந்தது. மனநல மருத்துவரிடம் நேரில் போகத் தயங்குகிறவர்கள் அரசின் டெலி மானஸ் எண் 14416-இல், எந்த நேரத்திலும், தமிழிலேயே பேசலாம்.