ஜொகூர் பீரங்கி 1:72 – ஒருவழியாகக் குழல் முடிந்தது

முடித்துவிட்டேன். 229 மி.மீ. நீளம், வாயில் 5.3 மி.மீ. துளை, நகத்தால் வருடினாலும் எங்கும் வரி தட்டாத சரிவு. சிங்கப்பூரின் சாங்கியில் இருந்த 15 அங்குலப் பீரங்கியின் குழல் இது, அசலில் 72-இல் ஒரு பங்கு அளவில். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அளவில் கடைந்த உலோகக் குழலாக எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. 'ஹூட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாதிரிக்கென்று 1:350-லும் 1:200-லும் விற்பவர்கள் இருக்கிறார்கள். அதே ரகப் பீரங்கிதான், ஆனால் 1:72 என்றால் கையை விரித்துவிடுகிறார்கள்.

பீரங்கியின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1935-இல் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவுக்கு, சிங்கப்பூரை அடுத்துள்ள ஜொகூரின் சுல்தான் இப்ராஹிம் 5 லட்சம் பவுண்டு கொடுத்தார். அதில் ஒரு பங்கு இந்தப் பீரங்கிகளுக்குப் போனது, தளத்துக்கு அவர் நாட்டின் பெயர் வந்தது. மொத்தம் மூன்று பீரங்கிகள். 1942 பிப்ரவரி 12-ஆம் தேதி பின்வாங்கும்போது பிரிட்டிஷார் தாங்களே அவற்றைத் தகர்த்துவிட்டார்கள், மூன்றாம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதன்பின் அந்த இடமே மறந்துபோய், 1991-இல் சிறைத்துறையினர் தற்செயலாகச் சுரங்க அறைகளைக் கண்டுபிடித்தார்கள். இப்போது அங்கே நிற்பது 2002-இல் வைத்த மாதிரிப் பீரங்கி. பார்க்கப் பிரமாதம்தான், ஆனால் நகலைப் பார்த்து இன்னொரு நகல் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. அளவுகளுக்கு லண்டன் போர் அருங்காட்சியக வாசலில் கிடக்கும் இரண்டு அசல் குழல்களின் படங்களைத்தான் நம்பினேன். அவை கப்பலில் இருந்தவை, ஆனாலும் ரகம் ஒன்றே.

சரி, கடைசலுக்கு வருகிறேன். என்னுடையது மேசை மேல் வைக்கும் சின்ன லேத். உளியை நகர்த்தும் மேல் ஸ்லைடைச் சாய்த்து வைத்து டேப்பர் (சரிவு) வெட்டலாம் என்றால், அது நகர்வதே ஒரு விரல் நீளம். மிச்சம் இருப்பது டெயில்ஸ்டாக்கை, அதாவது கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பகுதியை, பக்கவாட்டில் தள்ளும் வழி. முழு நீளத்துக்கும் சரிவு என்றால், இரு முனை விட்டங்களின் வித்தியாசத்தில் பாதி தள்ளினால் போதும். கணக்கு சுலபம். தொல்லை வேறு இடத்தில்.

டெயில்ஸ்டாக்கைத் தள்ளிய பிறகு அதிலுள்ள 60 டிகிரி சென்டர் (கூம்பு முனை), கம்பியின் முனைத் துளைக்குள் நேராக உட்காராது. ஒரு ஓரத்தில் மட்டும் கடிக்கும். சுற்றச் சுற்ற அந்த ஓரம் தேய்ந்து, குழல் ஆடத் தொடங்கும், வெட்டு வளையம் வளையமாக விழும். பழைய கடைசல்காரர்களின் வைத்தியம் இதற்கு உண்டு: சென்டருக்குப் பதில் எஃகுக் குண்டு. வாய்த்துளையை முதலிலேயே 5.3 மி.மீ. துளைத்து, அதன் விளிம்பைச் சரித்து, பேரிங்கிலிருந்து எடுத்த 8 மி.மீ. குண்டு ஒன்றைக் கிரீஸ் தடவி அதில் உட்கார வைத்தேன். குண்டின் மறுபக்கம் டெயில்ஸ்டாக்கில் நானே செய்த குழிந்த முனை. குண்டுக்குக் கோணம் ஒரு பொருட்டே இல்லை, எப்படித் தள்ளினாலும் விளிம்பு முழுக்கத் தொடும். சரித்த விளிம்பு பீரங்கி வாயில் தெரியக் கூடாதே? அதற்காக 5 மி.மீ. கூடுதலாக விட்டு, எல்லாம் முடிந்தபின் அறுத்துத் தள்ளினேன். அசலில் உள்ளே, குண்டைச் சுழலவிடும் 76 வரிப்பள்ளங்கள் உண்டு. அதை நான் தொடப்போவதில்லை, யாரும் கேட்காதீர்கள்.

அப்புறம் நடுப்பகுதி நடுக்கம். உளியோடு கூடவே நகர்ந்து குழலைத் தாங்கும் டிராவலிங் ஸ்டெடி வைத்தால், விட்டம் மாறிக்கொண்டே போவதால் அதன் விரல்கள் ஒன்று இறுகும் அல்லது விலகும். எனவே குழலை இரண்டு துண்டாக்கினேன். பின்பகுதி தடித்த உருளை, அது எப்படியும் பீரங்கியின் பின்பக்கத்தை மூடும் கூண்டுக்குள் மறைந்துவிடும். முன்பகுதி மட்டும் சரிவு. இரண்டையும் உள்ளே எஃகு ஊசி வைத்து ஒட்டியாயிற்று, ஒட்டு கூண்டின் வாய்க்குள் ஒளிந்துகொள்ளும். வெட்டு மூக்கைக் கூராக வைத்து, மண்ணெண்ணெய் விட்டு, மயிரிழை ஆழத்துக்கு மேல் போகாமல் எடுத்தால் நடுக்கம் போய்விடுகிறது.

அலுமினியம் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. வெறும் 'அலுமினியக் கம்பி' என்று கேட்டால் வெண்ணெய் மாதிரி இழுபடும் ரகத்தைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். சீவல் உளியிலேயே ஒட்டிக்கொண்டு மேற்பரப்பைக் கீறும். 6061 அல்லது 6082 என்று உலோகக்கலவை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

அடுத்தது கூண்டும் சுழல்மேடையும். சுழலாத மாதிரி எனக்கு வேண்டாம். "சிங்கப்பூர் பீரங்கிகள் கடலைப் பார்த்தே நின்றன, ஜப்பானியர் வந்த நிலப்பக்கம் திரும்பவே இல்லை" என்று இன்னமும் எழுதுகிறார்களே, எரிச்சலாக வருகிறது. சாங்கிப் பீரங்கிகள் திரும்பின. வடக்கே நீரிணைக்கு அப்பாலுள்ள ஜொகூர் பாரு பக்கமும், பிறகு தீவின் மேற்கே தெங்கா விமானத்தளத்தின் பக்கமும் சுட்டன. சிக்கல் அவை சுட்ட குண்டில். கிட்டத்தட்ட 880 கிலோ எடையுள்ள அந்தக் குண்டுகள் போர்க்கப்பலின் கவசத்தைத் துளைக்கச் செய்தவை. காலாட்படை மேல் போட்டால் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துதான் வெடிக்கும். திரும்ப முடியாமல் நின்றவை மேற்கே புவோனா விஸ்தாவில் இருந்த இரண்டு 15 அங்குலப் பீரங்கிகள். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பழி வந்தது அவற்றால்தான் என்பது என் எண்ணம்.

அதனால் புவோனா விஸ்தா பீரங்கி ஒன்றையும் பக்கத்திலேயே வைக்கும் ஆசை வந்துவிட்டது. ஒன்று சுழலும், மற்றது பாதியில் முட்டி நிற்கும். அதற்கும் ஒரு குழல் வேண்டுமே, டெயில்ஸ்டாக்கைத் தள்ளிய நிலையிலேயே விட்டு வைத்திருக்கிறேன். சுழல்மேடைக்கு, மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்கும் தட்டையான த்ரஸ்ட் பேரிங் சொல்லியிருக்கிறேன். வரும்வரை 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டில் கூண்டின் பக்கத் தகடுகளை வெட்டிக்கொண்டிருப்பேன். ரிவெட் தலைகளுக்கு யாரிடமாவது நல்ல பஞ்ச் இருந்தால் எந்த அளவு என்று சொல்லுங்கள்.