முற்றுகை போடுகிறவனுக்கும் பசிக்கும்

போன வாரம் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற கணினிப் போர்வியூக ஆட்டத்தில் இங்கிலாந்தை வைத்துக்கொண்டு, கையில் இருந்த ஒரு போரைக் கோட்டை விட்டேன். பிரான்ஸின் தென்கரையில் ஒரு கோட்டையைத் தரைப்படை வளைத்திருந்தது. கடல் பக்கம் திறந்து கிடந்தால் உள்ளே இருப்பவனுக்குச் சோறு வந்துகொண்டே இருக்கும் என்ற கணக்கில் இந்த ஆட்டம் முற்றுகைக்காக உருட்டும் நம் பகடையில் 2 கழித்துவிடும், அதனால் முப்பது பெரிய கப்பல்களைக் கொண்டுபோய்த் துறைமுக வாசலில் நிறுத்தினேன். நிறுத்தியதோடு சரி, அப்புறம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, வடக்கே தரைச்சண்டை அவ்வளவு சூடாக இருந்தது.

அந்தக் கடலில் எனக்கென்று ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. மாதாமாதம் அட்ரிஷன், அதாவது சண்டையே இல்லாமல் ஏற்படும் தேய்மானம், கப்பல்களை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது, கடலில் நின்றபடி பழுது பார்க்கவும் வழியில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது பாதி உயிர்தான் மிச்சம். உள்ளே சும்மா கட்டிக்கிடந்த பிரெஞ்சுக் கப்பல்கள் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்து ஒரே சண்டையில் என் படையைத் துடைத்துவிட்டன.

ஆட்டத்தைத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் அதே கரையில், துலோன் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் துறைமுகத்துக்கு வெளியே, 1803 முதல் 1805 வரை பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் எனக்கு நடந்தது சலுகை விலை. பிரிட்டிஷ் தளங்களான ஜிப்ரால்டரும் தூரம், மால்டாவும் தூரம், கையில் இருந்த கப்பல்களில் பல ஓட்டை உடைசல். தண்ணீருக்கும் விறகுக்கும் மாட்டிறைச்சிக்கும் சார்டினியாவின் வடக்கு முனையில் உள்ள மடலேனா தீவுகளுக்குப் போய் வந்தார். வைட்டமின் சி குறைவால் மாலுமிகளைத் தாக்கும் ஸ்கர்வி நோய் வராமல் இருக்க எலுமிச்சையும் வெங்காயமும் தேடினார். ஏறக்குறைய இரண்டு வருடம் அந்த மனிதர் கரையில் கால் வைக்கவில்லை. இதில் வேடிக்கை, துலோனை முற்றுகையிட்டதற்காக லண்டன் மேயர் நன்றி சொன்னபோது, நான் முற்றுகையே போடவில்லை, எதிரி வெளியே வரட்டும் என்றுதான் காத்திருக்கிறேன் என்று அவர் மறுத்தார். உண்மைதான், வேவு பார்க்க ஃபிரிகேட் என்ற வேகமான சிறு போர்க்கப்பல்கள் சிலவற்றை விட்டுவிட்டுப் பெரிய கப்பல்களைத் தள்ளியே வைத்திருந்தார். 1805 மார்ச் 30 அன்று பிரெஞ்சு அட்மிரல் வில்நவ் நழுவியும் விட்டார்.

ஆட்டங்களில் எனக்குக் குறையாகப் படுவது காற்று. 1759-இல் பிரெஸ்ட் என்ற பிரெஞ்சுத் துறைமுகத்துக்கு வெளியே காவல் நின்ற பிரிட்டிஷ் அட்மிரல் ஹாக், இறைச்சி, பீர், காய்கறி எல்லாவற்றையும் கடலிலேயே கப்பல் கப்பலாக வரவழைத்து மாலுமிகளை நோயில்லாமல் வைத்திருந்தார். சப்ளையில் குறை சொல்ல இடமே இல்லை. அப்படியும் நவம்பரில் அடித்த மேற்குப் புயல் அவரை இங்கிலாந்தின் டார்பே விரிகுடாவுக்குத் தள்ளிவிட்டது, அந்த இடைவெளியில் 14-ஆம் தேதி பிரெஞ்சு அட்மிரல் கான்ஃப்ளான் கிளம்பிவிட்டார். ஆறு நாள் கழித்துக் கிபெரான் விரிகுடாவில் ஹாக் அவரைப் பிடித்து நொறுக்கியது வேறு கதை. நம் திரையில் முற்றுகை என்பது வெறும் சதவீதக் கணக்கு, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அது அசைவதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை. 1979-இல் வந்த 'தி கேம்பெயின் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா' என்ற பலகைப் போர் விளையாட்டில் இத்தாலியப் படைக்குப் பாஸ்தா வேகவைக்கத் தனியாகத் தண்ணீர் கணக்கு உண்டு! அவ்வளவு வேண்டாம் சாமி. இரண்டாம் உலகப்போரை வைத்து வந்த ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 என்ற கணினி ஆட்டத்தில் 2021-இல் வந்த சப்ளை ஏற்பாடு, அதாவது துறைமுகத்தின் அளவு, அதிலிருந்து ஓடும் ரயில் பாதை, நடுக்கடலில் மூழ்கும் சரக்குக் கப்பல்கள், இந்த மூன்றுமே எனக்குப் போதும்.

இப்போது புது ஆட்டம். கப்பல்களை மூன்று அணியாகப் பிரித்திருக்கிறேன்: ஒன்று வாசலில், ஒன்று வழியில், ஒன்று பழுது பார்க்கும் துறையில். நடுவில் தங்கிப் போக ஒரு துறைமுகம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று ஜெனோவாவிடம் கடற்படை தங்கும் உரிமை கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த போர் யாரோடு என்று முடிவாகிவிட்டது.