உரிமையாளர் கட்டம் நிரம்பாத ஊர்

எனக்கு வரைபடத் துறையில் வேலை. செயற்கைக்கோள் படத்தைத் திரையில் விரித்து, கூரை கூரையாக ஓரம் பிடித்துக் கோடு போட வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டடத்துக்கும் அட்டவணையில் ஒரு வரி நிரப்ப வேண்டும். எத்தனையோ ஊர்கள் இப்படிக் கைக்கு வந்து போயிருக்கின்றன. பல ஊர்களின் பெயர்கூட இப்போது ஞாபகமில்லை. காட்ரிங்டன் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

கரீபியன் கடலில், ஆன்டிகுவாவுக்கு வடக்கே, பார்புடா என்று ஒரு தட்டையான தீவு இருக்கிறது. பரப்பளவு சுமார் 160 சதுர கிலோமீட்டர். அங்கே ஊர் என்று இருப்பது காட்ரிங்டன் ஒன்றுதான், ஒரு பெரிய கடற்கழியின் கரையில். 2011 கணக்கெடுப்பில் தீவு முழுவதற்கும் 1,600 பேர் சொச்சம். 2017 செப்டம்பர் 6 அதிகாலையில் இர்மா சூறாவளி மணிக்கு 295 கிலோமீட்டர் வேகக் காற்றோடு தீவின் மேலேயே கடந்துபோனது. ஒரு குழந்தை இறந்தது. பத்துக் கட்டடங்களில் ஒன்பதுக்கு மேல் சேதம். பின்னாலேயே ஹோசே என்ற இன்னொரு சூறாவளி வருகிறது என்றதும் தீவையே காலி செய்து எல்லோரையும் ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோனார்கள். பலர் கிரிக்கெட் மைதானத்தில் தங்கவைக்கப்பட்டார்கள்.

புயலுக்குப் பிந்தைய படங்கள்தான் எங்களிடம் வந்தன. கூரை பறந்துபோன வீட்டை மேலிருந்து பார்த்தால் உள்சுவர்கள் மெல்லிய கோடுகளாகத் தெரியும். எது கூடம், எது படுக்கையறை என்றுகூட ஊகிக்கலாம். முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக்குள் அனுமதியில்லாமல் எட்டிப் பார்க்கிற கூச்சம் எனக்குக் கடைசிவரை போகவில்லை. மேற்கே, கடலையும் கழியையும் பிரிக்கும் நீண்ட மணல்திட்டு அறுந்து கடல் உள்ளே வந்திருந்தது.

அட்டவணையில் கட்டட எண், வகை, சேத அளவு, வசிப்போர், நில உரிமையாளர் என்று கட்டங்கள். வசிப்போர் கட்டத்தில் வரிக்கு வரி பூஜ்யம். உரிமையாளர் கட்டத்துக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை, மனைப் பிரிவு வரைபடம் எதுவும் தரப்படவில்லை. "ஆவணம் பின்னால வரும், காலியா விட்டுட்டு மேல போங்க" என்றார் குழுத் தலைவர். அது வரவே இல்லை. ஏன் என்று தேடிப் படித்தபோதுதான் அந்த ஊரின் கதை பிடிபட்டது.

1685இல் காட்ரிங்டன் குடும்பம் தீவை ஆங்கில அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. பிற்பாடு புதுப்பித்த குத்தகையில் வாடகை, அரசு கேட்டால் மட்டும், வருடத்துக்கு ஒரு கொழுத்த ஆடு! மெலிந்த மண், மழையும் குறைவு, ஆகவே கரும்பு அங்கே எடுபடவில்லை. ஆன்டிகுவாவில் இருந்த தங்கள் கரும்புத் தோட்டங்களுக்குக் கால்நடையும் மரமும் உணவும் அனுப்பும் இடமாகவே தீவை வைத்துக்கொண்டார்கள். வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். கரும்புத் தீவுகளில் அடிமைகளின் சாவு பிறப்பை மிஞ்சிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே பிறப்பு மிஞ்சியது. இந்த வளர்ச்சியை வைத்துத்தான், காட்ரிங்டன்கள் விற்பதற்காகவே மனிதர்களைப் பெருக்கினார்கள் என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. தோட்ட ஆவணங்களைப் புரட்டிய வரலாற்றாசிரியர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டியிருக்கிறார்கள். கரும்பு ஆலையின் கொடுமை இல்லாத இடத்தில் ஜனங்கள் பிழைத்துக் கிடந்தார்கள், அவ்வளவுதான்.

1834இல் விடுதலை வந்தபோது அங்கே சுமார் 500 பேர். 1870இல் குத்தகையும் முடிந்தது. எஜமானன் போனான், ஜனங்கள் இருந்தார்கள். நிலத்தை யாரும் கூறு போட்டு விற்கவில்லை. வீடு கட்ட ஓர் இடம், ஊருக்கு வெளியே புதர்க்காட்டைத் திருத்தி விளைவிக்க ஒரு துண்டு, மற்றதெல்லாம் ஆடுமாடு மேய. பட்டா கிடையாது, கிரயமும் கிடையாது. 2007ஆம் ஆண்டின் பார்புடா நிலச் சட்டம் இந்த வழக்கத்தை எழுத்தில் வைத்தது. தீவில் பிறந்து, தாத்தா பாட்டியில் ஒருவராவது அங்கே பிறந்திருந்தால் அவர் பார்புடாக்காரர். அவருடைய பிள்ளை எந்த நாட்டில் பிறந்தாலும் பார்புடாக்காரர்தான். நியூயார்க்கிலும் இங்கிலாந்தின் லெஸ்டரிலும் குடியேறிய குடும்பங்களும் இந்தக் கணக்கில் வரும்.

இதைப் படித்த பிறகு எங்கள் அட்டவணையைப் பார்க்கவே பயமாக இருந்தது. வசிப்போர் பூஜ்யம், உரிமையாளர் காலி. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கிற எவருக்கும் கேட்பாரற்ற நிலம் என்றுதானே தோன்றும்? அப்படி நினைப்பவர்கள் இருக்கவும் செய்தார்கள். ஜனங்கள் ஆன்டிகுவாவில் இருந்தபோதே, பார்புடாவில் பெரிய விமான நிலையத்துக்காகக் காடு அழிக்கத் தொடங்கியாயிற்று. ஆளுக்கு ஒரு டாலருக்கு மனையைச் சொந்தமாக எழுதித் தருகிறோம், அதை வைத்து வங்கியில் கடன் வாங்கி வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்றது இரு தீவுகளையும் சேர்த்து ஆளும் ஆன்டிகுவா-பார்புடா அரசு. வங்கிக்கு ஈடு வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அடகு வைக்க முடிகிற நிலம் கைமாறவும் செய்யும். கூரை இல்லாமல் நிற்கிறவரிடம் அந்தப் பேச்சை எடுத்தது சரியான நேரமே இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உரிமையாளர் கட்டத்தை நீக்கிவிடலாம் என்று மேலிடத்திலிருந்து யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீக்கினால் கேள்வியே காணாமல் போகும். 'பொது நிலம், பார்புடா மக்களுக்கு உரியது' என்று வரிக்கு வரி போடலாம் என்றேன். "ஆயிரம் வரியிலயும் ஒரே பதிலா?" என்றார் குழுத் தலைவர். ஆமாம் சார், அதுதான் பதில் என்றேன். கொஞ்ச நேரம் சட்டத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, சரி, அப்படியே போடுங்கள் என்றார். வசிப்போர் கட்டத்துக்கும் 'தற்காலிகமாக வெளியேற்றம்' என்று குறிப்பு சேர்த்தோம்.

மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள். 2007 சட்டத்தை அரசு நீக்கியது. அதை எதிர்த்த வழக்கில், அந்த நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 2022இல் பார்புடா மக்களின் வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் விமான நிலைய அனுமதியை எதிர்த்து வழக்காட பார்புடாவாசிகள் இருவருக்குத் தகுதி உண்டு என்று 2024இல் அதே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இப்போது எந்த ஊர் வேலை வந்தாலும், கோடு போடுவதற்கு முன் அங்கே நிலம் எந்தச் சட்டத்தில் யார் கையில் இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்கிறேன். சில வாடிக்கையாளர்கள் தருகிறார்கள். தராதபோது நானே உட்கார்ந்து தேடி எழுதிக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.