நகோயாவில் கோலா பார்க்க

கோலா என்பது மரத்தில் வாழும் ஆஸ்திரேலிய விலங்கு; ஜப்பானின் நகோயாவில் அதை ஹிகஷியாமா விலங்குப் பூங்காவில் பார்க்கலாம். நகோயா நிலையத்தில் மஞ்சள் நிற ஹிகஷியாமா தடத்து மெட்ரோவில் ஏறினால் கால் மணி நேரத்தில் ஹிகஷியாமா கோயென் நிலையம். 3ஆம் வாசல் வழியே வெளியே வந்தால் விலங்குப் பூங்கா சில நிமிட நடைதான். பெரியவர்களுக்கு 500 யென். திங்கள் விடுமுறை, அன்று அரசு விடுமுறை வந்தால் அடுத்த நாள் மூடுவார்கள். உள்ளே கூட்டம் ஷபானி என்ற கொரில்லாவைத் தேடி ஓடும். கோலா கூடத்தில் நெரிசல் குறைவு.

1984 அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜப்பானுக்கு முதன்முதலாக ஆறு கோலாக்கள் வந்து இறங்கின. டோக்கியோவின் தாமா, நகோயாவின் ஹிகஷியாமா, ககோஷிமாவின் ஹிரகாவா விலங்குப் பூங்காக்கள் என்று இடத்துக்கு இரண்டு, ஆறும் ஆண். நகோயாவும் ஆஸ்திரேலியாவின் சிட்னியும் 1980 முதல் சகோதர நகரங்கள்.

விலங்கைக் கொண்டுவருவது எளிது, தைலமர இலைக்குத்தான் பாடு. யூகலிப்டஸில் அறுநூறுக்கும் மேல் வகை உண்டு. கோலா தொடுவது சில டஜன் வகைகளை மட்டும். நேற்று விரும்பித் தின்ற வகையை இன்று முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கும். அதனால் தினமும் பல வகை வைக்க வேண்டும். ஒரு கோலா நாளுக்குத் தின்பது அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. கட்டிவைப்பதோ அதைப்போலப் பல மடங்கு. தளிர்தான் பிடிக்கும், வாடினால் தொடாது. ஆகவே கிளைகளின் அடியைத் தண்ணீர்க் குழாய்களில் செருகி வைக்கிறார்கள். ஒரே தோட்டத்தை நம்பினால் ஒரு புயலோ கடும் பனியோ போதும், எல்லாம் போய்விடும். எனவே வெவ்வேறு ஊர்களில் பயிரிட வேண்டியிருக்கிறது. வேறு தீனி கொடுத்துச் சமாளிக்க வழியில்லை: இரண்டு மீட்டர் நீளப் பெருங்குடல்வாயும் (பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பை) அதிலுள்ள நுண்ணுயிர்களும் இந்த நார் இலைக்கென்றே அமைந்தவை. அந்த நுண்ணுயிர்களைக் குட்டி பெறுவதே தாயின் குழைந்த எச்சத்தைத் தின்றுதான்.

1989 முதல் கோலா வைத்திருந்த ஒசாகாவின் தென்னோஜி விலங்குப் பூங்கா, இலைச் செலவு கட்டுப்படியாகாமல் 2019இல் தன் கடைசிக் கோலா ஆர்க்கை இங்கிலாந்தின் லாங்லீட் விலங்குப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி அங்கே போய்விடாதீர்கள்.

கோலா நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். கண்ட நேரத்தில் போனால் மரக்கவட்டில் ஒரு சாம்பல் நிற முதுகு மட்டும்தான் தெரியும். புது இலை வைக்கும் நேரத்தை நுழைவிலேயே கேட்டுக்கொண்டு, பத்து நிமிடம் முன்னதாகவே கண்ணாடியருகே நின்றுவிடுங்கள். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு விழாது. ஃபிளாஷ் கூடவே கூடாது.