ஃபோர்ஸ்டர் ஸ்குவேரில் இறங்கியவர்கள்

வட இங்கிலாந்தின் பிராட்போர்டில் குடியேறிய புதிதில் எனக்கு வழி தெரிந்த ஒரே இடம் ஃபோர்ஸ்டர் ஸ்குவேர் ரயில் நிலையம்தான். பக்கத்து நகரமான லீட்ஸில் வேலை. யார் இந்த ஃபோர்ஸ்டர் என்று யோசிக்க நேரமில்லை. வாடகை, குளிர், மகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஆயிரம் தலையிடி.

பள்ளிக்கூடம்தான் முதலில் சரிவந்தது. கவுன்சிலுக்கு விண்ணப்பித்தோம், நடந்து போகிற தூரத்தில் இடம் கிடைத்தது, காசு கேட்கவில்லை. சமய வழிபாட்டில் பிள்ளை கலந்துகொள்ள வேண்டாமென்றால் எழுதித் தரலாம் என்றார்கள். முருகன் கோவிக்கமாட்டார் என்று விட்டுவிட்டோம். அந்த உரிமை 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே இருந்ததும், அதைக் கொண்டுவந்தவர் இதே ஃபோர்ஸ்டர்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

வில்லியம் எட்வர்ட் ஃபோர்ஸ்டரும் வந்தேறிதான். தெற்கே டோர்செட்டில் 1818இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தில் பிறந்து, 1841இல் கம்பளி வியாபாரத்துக்காக இங்கே வந்தவர். வில்லியம் ஃபைசனோடு கூட்டுச் சேர்ந்தார். பிறகு பர்லியில், வார்ஃப் ஆற்றங்கரையில் ஆலை. குவேக்கர் அல்லாத பெண்ணைக் கட்டினார் என்று சபை அவரை விலக்கிவைத்தது. (நமக்கு இது புதுசா என்ன!) 1861இல் பிராட்போர்டின் எம்.பி. ஆனார். அவருடைய சட்டப்படி, பள்ளி போதாத இடங்களில் மக்கள் தெரிவுசெய்த சபைகள் உள்ளூர் வரிப்பணத்தில் பள்ளி கட்டின. ஆனால் கட்டணம் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இலவசமாக 1891 ஆகிவிட்டது.

1872இன் இரகசிய வாக்கெடுப்புச் சட்டமும் அவர் கைவேலையே. அதற்கு முன் யாருக்கு வாக்கு என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்; வீட்டுக்காரனுக்கும் முதலாளிக்கும் தெரிந்துவிடும். அதை மாற்றியவர் ஒரு மில் முதலாளி என்பதுதான் வேடிக்கை. பொதுநலவாய நாட்டவர் என்பதால் எனக்கும் இங்கே வாக்கு உண்டு. வாக்குச்சாவடியில் இலங்கைப் பாஸ்போர்ட்டையே அடையாளமாகக் காட்டினேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு மனிதரைக் கொண்டாடலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அயர்லாந்து வந்தது. 1880இல், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அந்த நாட்டைக் கவனிக்கும் அமைச்சராக, ‘தலைமைச் செயலர்’ என்ற பெயரில் போனவர், அடுத்த வருடமே விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்துவைக்கச் சட்டம் கொண்டுவந்தார். ஐரிஷ் தலைவர் பார்னெல்லை டப்ளினின் கில்மேனம் சிறையில் போட்டார்கள். 1882இல் அவரை விடுவிக்க அரசாங்கம் முடிவெடுத்தபோது, அதை ஏற்காமல் ஃபோர்ஸ்டர் பதவி விலகினார். இலங்கையின் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு வளர்ந்தவனுக்கு இந்தப் பக்கங்களைச் சும்மா புரட்டிவிட முடியவில்லை.

வேலையிடத்தில் ஒரு ஐரிஷ்காரர் இருக்கிறார். அவருக்கு இன்றைக்கும் அந்த ஆள் ‘பக்ஷாட் ஃபோர்ஸ்டர்’தான், கூட்டத்தைச் சுட பொலிசுக்கு ‘பக்ஷாட்’ என்கிற சிதறு குண்டு கொடுத்தவர். கல்விச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். “அது உங்களுக்கு” என்றார்.