வெம்பிளியில் தோற்றவர்

தொண்ணூறுகளில் நம் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு, மல்யுத்த வீரர்களின் படம் அச்சிட்ட சீட்டுக்கட்டு நினைவிருக்கும். உயரம், எடை, மார்பளவு, வென்ற போட்டிகள் என்று ஒவ்வொரு சீட்டிலும் எண்கள் இருக்கும். பெரிய எண் வைத்திருப்பவன் மற்றவனின் சீட்டைப் பறித்துக்கொள்வான். கனடாவின் கல்கரி நகரத்துப் பிரெட் ஹார்ட்டுக்கு அந்தக் கணக்கில் பெரிய மதிப்பு இருக்கவில்லை. ஆனாலும் என் மனத்தில் அன்றும் இன்றும் முதலிடம் அவருக்குத்தான்.

யார் வெல்வது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படும் ஆட்டத்தில், வெற்றிகளை எண்ணி ஒருவரின் பெருமையை அளக்க முடியாது. தோற்கும்போதும் எதிராளியை எவ்வளவு உயர்த்துகிறார், தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட அவருடைய கழுத்தையும் முதுகையும் எவ்வளவு பத்திரமாகக் காக்கிறார் என்பவையே உண்மையான அளவுகோல்கள் என நான் உறுதியாக நம்புகிறேன்.

இலண்டனில் வாழும் நமக்கு நன்கு பழக்கமான வெம்பிளியில், பழைய விளையாட்டரங்கில், 1992 ஆகஸ்ட் 29 அன்று ஏறத்தாழ 80,000 பேர் முன்னிலையில் பிரெட் தம் தங்கை டயானாவின் கணவரான டேவி பாய் ஸ்மித்துடன் மோதினார். மைத்துனர் பிரித்தானியர், கூட்டம் முழுவதும் அவர் பக்கம். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, பேசிவைத்திருந்த அனைத்தும் மறந்துபோய்விட்டதாக டேவி தம் காதில் சொன்னார் என்றும், அதன்பின் ஒவ்வொரு பிடியையும் தாமே சொல்லிக்கொடுத்து அவரை நடத்திச் சென்றதாகவும் பிரெட் பின்னாளில் கூறியிருக்கிறார். பார்த்தவர் எவருக்கும் அது தெரியவில்லை. இறுதியில் பிரெட் தம் பட்டத்தை இழந்தார், டேவி தம் வாழ்நாளின் மிகச் சிறந்த வெற்றியைப் பெற்றார். ஆறு வாரங்கள் கழித்து சாஸ்கட்டூனில் ரிக் ஃபிளேரை வென்று உலகப் பட்டத்தைப் பிரெட் ஏந்தியபோது, வெம்பிளித் தோல்வி அவரைச் சிறிதும் குறைத்திருக்கவில்லை.

1997இல் ஸ்டீவ் ஆஸ்டினுடன் நடந்த போட்டியில் வென்றவர் பிரெட்தான். ஆனால் பிரெட்டின் கால்பூட்டுப் பிடியில் சிக்கி, முகமெல்லாம் இரத்தம் வழிய, தோல்வியை ஒப்புக்கொள்ளாமலேயே மயங்கிச் சரிந்த ஆஸ்டின்தான் அன்றிரவு நாயகனானார். தம்மால் எவருக்கும் பலத்த காயம் நேர்ந்ததில்லை என்பதையே பிரெட் தம் பெருமையாகச் சொல்லிவந்தார். அத்தகையவரின் மல்யுத்த வாழ்வு, 1999 டிசம்பரில் தலையில் விழுந்த ஒரு தவறான உதையால் முடிவுக்கு வந்ததை எண்ணினால் இன்றும் மனம் வலிக்கிறது.

ஹல்க் ஹோகனே அனைவரிலும் பெரியவர் என்று வாதிடும் நண்பர்கள் நம் சங்கத்தில் உண்டு. அவர்களும், பேருருவ வீரரான ஆண்ட்ரேயை ஹோகன் தூக்கிப்போட்டு வென்ற, 1987இல் அமெரிக்காவின் பொன்டியாக் அரங்கில் நடந்த போட்டியையே சான்று காட்டுவார்கள். 500 இறாத்தலுக்கு மேற்பட்டவர் என அறிவிக்கப்பட்ட ஆண்ட்ரே, முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட உடலோடு, உடைக்குள் பட்டை கட்டிக்கொண்டு அன்று மேடையேறினார். தம்மைத் தூக்க அவராக இடங்கொடுக்காதிருந்தால், ஹோகனால் அவரை அசைத்திருக்கவும் முடியாது.