குரோமியம் 18

"சார், குரோமியம் 18ன்னு போட்டிருக்கு. 0.18ஆ, 0.018ஆ?"

என்கிட்ட வேலை பார்க்கும் பையன் கேட்டது இவ்வளவுதான். எஸ்.ஏ. 516 கிரேடு 70 பிளேட், பாய்லர், பிரஷர் வெசல் செய்கிற கார்பன் ஸ்டீல். டிரேடர் கொடுத்த மில் சர்டிபிகேட், அதாவது ஸ்டீலில் எது எத்தனை சதவீதம் என்று மில் தரும் தாள், ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். கார்பன் 19, மாங்கனீஸ் 118, பாஸ்பரஸ் 12 என்று முழு எண்களாக அடித்திருப்பார்கள். எதை 100ஆல் வகுப்பது, எதை 1000ஆல் வகுப்பது என்று தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். குரோமியம், நிக்கல், காப்பர் மூன்றுக்கும் அந்த இடம் கறுத்துப்போயிருந்தது.

"0.018தான். கார்பன் ஸ்டீல்ல குரோமியத்துக்கு என்ன வேலை? கட்டிங்குக்கு விடு" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இருபது வருஷமாக அப்படித்தான் படிக்கிறேன், அதில் தப்பும் இல்லை. பாஸ்பரஸ் 12 என்றால் யாரும் 0.12 என்று எடுக்க மாட்டார்கள். இந்த கிரேடில் அது தாங்காது. ஆனால் குரோமியம் அப்படியில்லை. ஸ்கிராப் உருக்கிய ஸ்டீலில் 0.18 வரலாம், ஸ்பெக்கும் 0.30 வரை விடுகிறது. எப்படிப் படித்தாலும் பாஸ். இடிப்பது கார்பன் ஈக்விவலன்ட்டில், கார்பனோடு மற்றவற்றையும் ஒரு கணக்கில் சேர்த்துப் போடும் எண்ணில். நிக்கல் 21, காப்பர் 24. மூன்றையும் 1000ஆல் வகுத்தால் 0.39, 100ஆல் வகுத்தால் 0.45. கஸ்டமர் அனுமதித்தது 0.43. வெல்டிங்கில் விரிசல் விடுமா என்ற கவலையே அந்த எண்ணில்தான் இருக்கிறது. அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்துதான் இதைப் போட்டுப் பார்த்தேன். அவன் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறான்.

போட்டுப் பார்த்த பிறகும் மறுநாள் கட்டிங்கை நிறுத்தவில்லை. டெலிவரி தேதி நெருக்கியது. சரி, அதையே காரணமாகச் சொல்லிக்கொள்ளலாமா, தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து ஒரு லேப் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து வைத்தான். ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கில் வந்தது என்ற எண், பஞ்ச் இருந்த வெட்டுத்துண்டை எடுத்துப்போய், எது எவ்வளவு இருக்கிறது என்று தன் காசில் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் எடுத்திருந்தான். குரோமியம் 0.02.

"நீங்க சொன்னதுதான் சார்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் செய்தானே என்று. அப்புறம் வந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் இன்றைக்கும் உறுத்துகிறது. உறுதியாகத் தெரிந்து சொன்னவனுக்கு அது ஏன் வர வேண்டும்?

"ஃபைல்ல சேர்த்துடவா சார்?"

வேண்டாம் என்றேன். வெட்டிய பிறகு எதற்கு டெஸ்ட் என்று தேர்டு பார்ட்டி இன்ஸ்பெக்டர் கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான் அது. தெளிவான காப்பி கேட்டு அன்று சாயந்திரம் டிரேடருக்கு மெயில் போட்டேன்.

லேபுக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டதற்கு, "பரவாயில்ல சார்" என்றான். ரிப்போர்ட் இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது.